பதினோரு லட்டு வியாழன்

ராமானுஜத்துக்குக் கவலைப்பட ஒரு காரணம் வேண்டும் என்பதில்லை. மந்தைவெளி வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போன பிறகு, பூட்டை இழுத்துப் பார்த்தோமா இல்லையா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற மனிதர். காஸை அணைத்தோமா என்பது ரயில் ஏறிய பிறகுதான் அவருக்கு ஞாபகம் வரும். அப்படிப்பட்டவர் கையில் மகள் கல்யாணம் என்று ஒரு நிஜமான காரணம் கிடைத்தால் கேட்கவேண்டுமா? முகூர்த்தம் குறித்த நாளிலிருந்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் திரிந்தார்.

“மண்டபத்துல ஜெனரேட்டர் இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுடட்டுமா?”

“நீங்க கேட்டாச்சு, அவாளும் இருக்குன்னு சொல்லியாச்சு, அப்புறம் நேர்ல போய்ப் பார்த்துட்டும் வந்தாச்சு. சித்த உட்காருங்கோளேன்” என்பாள் அவர் மனைவி விசாலாக்ஷி.

ஆனால் அவரை ரொம்பவும் கேலி செய்வது நியாயமில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மஹதிக்கு ஒரு வரன் நிச்சயமாகி, பத்திரிகைகூட அச்சுக்குப் போய்விட்டது. அப்போது பிள்ளை வீட்டிலிருந்து ஒரு போன் வந்தது. ஜாதகத்தை இன்னொரு ஜோசியரிடம் காட்டினார்களாம். பெண்ணுக்குச் செவ்வாய் தோஷமாம், பிள்ளையின் உயிருக்கே ஆகாதாம். “தப்பா எடுத்துக்காதேங்கோ” என்று சொல்லி வைத்துவிட்டார்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வதாம்?

மஹதி அழவில்லை. அழுதிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறவள். மறுநாளே வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள், தட்டை அலம்பி வைத்தாள். அன்றைக்கு நின்றதுதான் அவளுடைய சிரிப்பு. இது வேண்டும் அது வேண்டும் என்ற பேச்சும் அதோடு நின்றது. இப்போது அனிருத்தோடு கல்யாணம் கூடி வந்து, தி.நகரில் கூறைப்புடவை எடுக்கப் போனபோதுகூட, “உனக்குப் பிடிச்சதை எடும்மா” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அனிருத்தை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. சந்தோஷத்தை நம்பத்தான் பயந்தாள் போலிருக்கிறது.

அனிருத்தின் அப்பா விஜயராகவன், திருவான்மியூரில் இருப்பவர், கல்லூரியில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஜாதகமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ராமானுஜம் அதற்கும் கவலைப்பட்டார். ஏன் காட்டவில்லை என்று நாளைக்குக் கேட்டால் என்ன செய்வது?

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு சீர் பக்ஷணத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை அழைப்பன்று பெண் வீட்டார் லட்டு, முறுக்கு, அதிரசம், மைசூர்பாகு என்று தட்டுத் தட்டாகப் பரப்பி வைப்பார்கள், பிள்ளை வீட்டார் வந்து பார்ப்பார்கள். கேட்டுக்கொண்டிருந்த மஹதி தலையை நிமிர்த்தினாள்.

“அப்பா, லட்டையெல்லாம் கிரகமாப் பண்ணிட்டா என்ன? எட்டு கிரகமும். நிஜத்துல ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு பெரிசோ அதே கணக்குல. சனிக்கு வளையம் கை முறுக்கு.”

“எதுக்குடி திடீர்னு?” என்றாள் விசாலாக்ஷி.

“செவ்வாய் எவ்வளவு சின்னதுன்னு எல்லாரும் ஒரு தடவை கண்ணால பார்க்கட்டும்மா. நானும் பார்க்கணும்.”

இரண்டு வருஷத்தில் மகள் வாய் திறந்து கேட்ட முதல் ஆசை. ராமானுஜம் எழுந்து உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். “பண்ணிடலாம். அது என் பொறுப்பு” என்றார். மஹதி அளவுகளைச் சொன்னாள். பூமியை ஒன்று என்று வைத்துக்கொண்டால் வியாழன் பதினொன்று, சனி ஒன்பதுக்குக் கொஞ்சம் மேல், யுரேனஸும் நெப்டியூனும் நான்கு நான்கு, வெள்ளி கிட்டத்தட்ட பூமியேதான், செவ்வாய் பாதி, புதன் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுப் பெரிது. “குறுக்களவுப்பா, ஞாபகம் வெச்சுக்கோங்கோ” என்று கடைசியில் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியில் முப்பது வருஷம் கணக்குப் பார்த்த தலை அது.

விஷயம் சம்பந்தி காதுக்கும் போயிற்று. விஜயராகவன் போனில் சிரித்தார். “பேஷ்! ஆனா கணக்கு சரியா இருக்கணும் சார். நான் டேப் எடுத்துண்டு வருவேன், ஆமா!” என்றார். வேடிக்கைப் பேச்சுதான். ஆனால் ராமானுஜத்திடம் யாரும் வேடிக்கையாக எதையும் சொல்லக் கூடாது. அன்றிரவு அவருக்குத் தூக்கம் இல்லை.

பக்ஷணத்துக்குச் சீதா மாமி. மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்துக்குள் வீடு, வாசலிலேயே நெய் மணக்கும். கல்யாணச் சீர் என்றால் மாமி எல்லாவற்றையும் எண்ணிக்கையில்தான் பேசுவாள். எத்தனை லட்டு, எத்தனை முறுக்கு என்று எண்ணிக்கையைச் சொன்னால் போதும், சாமான் கணக்கெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

“பூமி சாதாரண சீர் லட்டு. சரி. வியாழன் பதினோரு மடங்குன்னா?” என்று மாமி கேட்டாள். “பதினோரு லட்டுக்கான பூந்தியைச் சேர்த்து ஒரே லட்டாப் பிடிக்கணும். அப்படித்தானே மாமா?”

“அப்படியேதான்” என்றார் ராமானுஜம், கணக்கில் புலியாச்சே! “செவ்வாய்க்கு அரை லட்டுப் பூந்தி. நெப்டியூனுக்கு நாலு.”

மாமி எழுதிக்கொள்ளவே இல்லை. அவ்வளவு சுலபமான கணக்கு.

மாப்பிள்ளை அழைப்பன்று மதியம் கிரகங்களை எடுத்துப் போக ராமானுஜம் மாமி வீட்டுக்கு வந்தார். மற்ற பக்ஷணமெல்லாம் காலையிலேயே மண்டபத்துக்குப் போயாகிவிட்டது. மயிலாப்பூர் மண்டபத்தில் விசாலாக்ஷி பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். மஹதிக்கு அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. சாயங்காலம் சம்பந்திகள் வந்துவிடுவார்கள்.

மாமி கூடத்தில் ஒரு பெரிய தாம்பாளத்தின் மேல் மூடியிருந்த வெள்ளைத் துணியை எடுத்தாள். “எப்படி?” என்றாள் பெருமையாக.

லட்டுகள் அழகாகத்தான் இருந்தன. முந்திரி மின்னியது, சனிக்கு நடுவில் வெற்றிடம் விட்டுச் சுற்றிய கை முறுக்கு வளையம் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் ராமானுஜம் குனிந்து தாம்பாளத்தை ஓரத்துக்கு ஓரம் தேடினார். வியாழன் எங்கே? பதினோரு மடங்கு என்றால் பூமி அதன் காலடியில் கிடக்கவேண்டாமோ? இங்கே வியாழன் பூமியைப்போல் இரண்டு பங்கு, போனால் போகிறதென்று இன்னும் கொஞ்சம். சனியும் வியாழனும் இரட்டைப் பிள்ளைகள். நெப்டியூன் அவர்களுக்கு அடுத்த தம்பி.

எல்லாவற்றையும் விட மோசம் செவ்வாய். அரை லட்டுப் பூந்தியில் பிடித்த செவ்வாய், பூமிக்குப் பக்கத்தில் கிட்டத்தட்ட அதே உருவத்தில் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது. எதை எல்லோரும் சின்னதாகப் பார்க்கவேண்டும் என்று அந்தப் பெண் கேட்டாளோ, அது சின்னதாகவே இல்லை.

“மாமி, வியாழனுக்குப் பதினோரு லட்டு போட்டேளா?”

“பின்னே? எண்ணித்தான் போட்டேன். ஏன், ஏதாவது குறையா?” மாமியின் முகம் வாடிவிட்டது.

“இல்லை, இல்லை. நீங்க நான் சொன்னதைத்தான் பண்ணியிருக்கேள்.”

நாற்காலியில் உட்கார்ந்தார். குறுக்களவுப்பா என்று அவள் சொன்னது இப்போதுதான் காதில் விழுந்தது. அகலம் பதினோரு மடங்கு என்றால், உயரமும் பதினோரு மடங்கு, முன்னும் பின்னும் பதினோரு மடங்கு. மூன்றையும் பெருக்கவேண்டும். பெருக்கிப் பார்த்தார். ஆயிரத்து முந்நூறு லட்டுக்கு மேல் வந்தது. நம்பாமல் இன்னொரு தரம் பெருக்கினார். எத்தனை தரம் பெருக்கினால் என்ன, ஆயிரத்து முந்நூறு லட்டை ஒரே உருண்டையாகப் பிடித்தால் அதைத் தூக்க ஆள் வேண்டும், மண்டபத்துக்குள் கொண்டு போக லாரி வேண்டும். வைத்த இடத்தில் பொலபொலவென்று உதிர்ந்தும் விடும். முப்பது வருஷம் கணக்குப் பார்த்த தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மஹதி.

“அப்பா, கிரகமெல்லாம் எப்படி இருக்கு? போட்டோ எடுத்து அனுப்புங்கோளேன்.”

குரலில் ஓர் ஆவல் இருந்தது. அந்தக் குரலை அவர் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

“ஜம்முனு இருக்கும்மா. இங்க சிக்னல் சரியா இல்லை. நேர்ல பாரேன்.”

“செவ்வாய்?”

“அதுவும்தான்” என்று சொல்லி, போனை வைத்துவிட்டார்.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிரகமே வேண்டாம், வெறும் லட்டு என்று வைத்துவிடலாமா? அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். பரவாயில்லைப்பா என்பாள். இரண்டு வருஷமாக அவள் சொல்லும் பரவாயில்லைகளைக் கேட்டுக் கேட்டு அவருக்கு அந்த வார்த்தையே பிடிக்காமல் போயிருந்தது. இப்படியே கொண்டு போய் வைத்தால்? பௌதிகப் பேராசிரியர், டேப்போடு வருகிறவர். பார்த்த மாத்திரத்தில் சிரிப்பார். நாலு பேர் நடுவில் அவர் சிரித்தால் மஹதியின் முகம் என்ன ஆகும்?

மாமி காப்பி கொண்டு வந்து வைத்தாள். கூடவே ஒரு கிண்ணத்தில் சீடை. கல்யாணச் சீருக்கும் சீடைக்கும் சம்பந்தமில்லை. யாரோ மும்பைக்கு எடுத்துப் போகக் கேட்டார்களாம், டின் நிறையப் பொரித்து வைத்திருந்தாள். “வெறும் வயத்துல காப்பி குடிக்காதேங்கோ மாமா” என்றாள்.

ஒரு சீடையை எடுத்தார். வாய்க்குக் கொண்டு போனவர் அப்படியே நிறுத்தினார். வியாழனைப் பெரிசு பண்ண முடியாது. பூமியைச் சின்னது பண்ணினால்?

அந்தச் சீடையை வியாழனுக்குப் பக்கத்தில் வைத்தார். அடுத்து இன்னொன்று, அதை ஒட்டி இன்னொன்று. வியாழனின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வரிசையாகச் சீடைகளை வைத்துக்கொண்டே போனார். பதினோராவது சீடையோடு வியாழன் முடிந்தது. ராமானுஜத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “மாமி! பூமி கிடைச்சுடுத்து!” என்று கத்தினார். மனுஷருக்குக் கவலையில் ஏதோ ஆகிவிட்டது என்றே மாமி நினைத்தாள்.

அதற்கப்புறம் அவர் அவளை ஒரு நிமிஷம் நிற்க விடவில்லை. சனியைக் கொஞ்சம் உதிர்த்துச் சிறிதாகப் பிடிக்கச் சொன்னார். யுரேனஸையும் நெப்டியூனையும் கலைத்து, சாதாரண லட்டைவிடச் சற்றுச் சின்னதாக இரண்டு. வெள்ளிக்கு இன்னொரு சீடை, தேடித் தேடி ஒரு மயிரிழை சின்னதாக. செவ்வாய்க்குச் சீடையில் பாதி வேண்டும். பூந்திப் பாத்திரத்தைக் கவிழ்த்து இருவரும் உட்கார்ந்து பொறுக்கினார்கள். சிவப்புக் கேசரிப் பவுடர் போட்ட பூந்தியில் பருமனாக ஒன்று செவ்வாய். மஞ்சள் பூந்தியில் பொடிசாக ஒன்று புதன்.

புறப்படும்போது வழக்கமான கவலை வந்தது. சின்ன கிரகங்கள் வழியில் தொலைந்து போனால்? ஐந்தாறு சீடையும், மாற்றுப் புதன், மாற்றுச் செவ்வாயும் ஒரு காகிதத்தில் பொட்டலம் கட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆட்டோவில் வியாழனை மடியில் வைத்துக்கொண்டார். மாம்பலம் தாண்டியதுமே பள்ளம். மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருந்த இடத்தில் வண்டி ஆடிய ஆட்டத்தில் இரண்டு முந்திரி கழன்று விழுந்தது.

“தம்பி, மெதுவா போப்பா. மடியில கிரகம் இருக்கு.”

ஆட்டோ ஓட்டுநர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். “இன்னா சார் சொல்ற? எல்லாருக்கும் கிரகம் தலைல கீது, உனக்கு மடில கீதா?”

“லட்டுப்பா. பொண்ணு கல்யாணத்துக்கு.”

“அத்த மொதல்லயே சொல்லக்கூடாதா” என்று சொல்லி, அதன் பிறகு பள்ளம் வந்தபோதெல்லாம் மாட்டு வண்டி மாதிரி ஓட்டினார். பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரனை அழுத்தித் திட்டினார்கள். நேரம் ஆக ஆக, கவிழ்ந்துவிடுமோ என்ற பயம் போய், சம்பந்திகள் முந்திக்கொள்வார்களோ என்ற பயம் பிடித்துக்கொண்டது.

முந்திக்கொள்ளவில்லை. நல்ல காலம். நீல விரிப்புப் போட்ட மேஜையில் விசாலாக்ஷி எட்டு வெள்ளித் தட்டுகளை வரிசையாக வைத்திருந்தாள். ஒவ்வொன்றின் முன்னாலும் மஹதி கைப்பட எழுதிய பெயர் அட்டை. ராமானுஜம் ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். பூமி என்ற அட்டைக்குப் பின்னால் ஒரே ஒரு சீடை. செவ்வாய் என்ற அட்டைக்குப் பின்னால், குனிந்து பார்த்தால்தான் தெரிகிற ஒரு சிவப்புப் பூந்தி.

“என்னன்னா இது? தட்டு காலியா இருக்காப்பல இருக்கே” என்று பதறினாள் விசாலாக்ஷி.

“கணக்கு அதான் விசாலம்” என்றார். குரல் அவருக்கே தைரியமாகக் கேட்கவில்லை.

நாகஸ்வரம் ஆரம்பித்தது. சம்பந்திகள் வந்துவிட்டார்கள். சந்தனம், கல்கண்டு, பன்னீர், உபசாரம் எல்லாம் ஆயிற்று. எல்லோரும் மாப்பிள்ளையைச் சூழ்ந்துகொண்டிருக்க, விஜயராகவன் மட்டும் தனியாக நழுவி மேஜைப் பக்கம் போவதை ராமானுஜம் பார்த்தார். பின்னாலேயே ஓடலாம் என்று காலை எடுத்து வைத்தார். அதற்குள் யாரோ அவரைப் பிடித்து, மின்விசிறி ஓடவில்லை என்று புகார் சொன்னார்கள். ஒரு வழியாக அவர் மேஜைக்கு வந்தபோது, சம்பந்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வியாழனையே பார்த்துக்கொண்டிருந்தார். டேப் எதுவும் கண்ணில் படவில்லை. ஒன்றும் பேசவில்லை.

அப்போதுதான் அனிருத்தோடு மஹதி வந்தாள். பட்டுப்புடவையும் ஜடையுமாக, மேஜையின் ஓரத்திலிருந்து ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். புதனைக் குனிந்து பார்த்தாள். வெள்ளியைப் பார்த்தாள். அடுத்த தட்டில் நின்றுவிட்டாள்.

“அப்பா, பூமி எங்கே?”

ராமானுஜம் பார்த்தார். அட்டை இருந்தது, தட்டு இருந்தது, பூமி இல்லை. தட்டைத் தூக்கிப் பார்த்தார், விரிப்பைத் தடவினார், மேஜைக்கடியில் குனிந்தார். உருண்டு விழுந்திருக்குமோ? காலில் மிதிபட்டிருக்குமோ? பெண்ணின் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு நிமிர்ந்தவர் கண்ணில் விஜயராகவன்தான் பட்டார். சம்பந்தியின் தாடை மெல்ல அசைந்துகொண்டிருந்தது. எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் அசைவது நின்றது.

“அது வந்து… தட்டுல ஒரு சீடை மட்டும் தனியாக் கெடந்தது” என்றார் பேராசிரியர். “யாரோ தவறிப் போட்டுட்டான்னு நெனச்சேன்.”

“மாமா,” என்றாள் மஹதி, “பூமியைச் சாப்பிட்டுட்டேளா?”

“தப்புதாம்மா. கவனிக்கலை. காலைலேர்ந்து ஒரு வாய் இறங்கலை எனக்கு.” அவர் குரல் தழைந்துவிட்டது. “பயம். ஒரு தடவை அடிபட்ட பொண்ணு நீ. எங்காத்து மனுஷா யாராவது ஏடாகூடமா ஒரு வார்த்தை சொல்லி, நீ எனக்கு இந்தக் கல்யாணமே வேண்டாம்னு எழுந்து போயிட்டா என்ன பண்றதுன்னு பயம். நிச்சயம் ஆன நாள்லேர்ந்து எனக்கு இதே கவலை. இவனுக்கும்தான். வேணும்னா கேட்டுப் பாரு.”

அனிருத் தரையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினான்.

பயமெல்லாம் பெண்ணைப் பெற்றவனுக்கு என்று எழுதி வைத்தது என்றுதான் ராமானுஜம் இத்தனை நாளும் நினைத்திருந்தார். மஹதி போய்விடுவாளோ என்று திருவான்மியூரில் ஒரு மனிதர் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. மகளைப் பார்த்தார். அவளும் நம்ப முடியாமல் தன் மாமனாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் உதடு துடித்தது. அழப் போகிறாள் என்று பதறிக்கொண்டு அவர் ஓர் அடி எடுத்து வைத்தார். அவள் சிரித்தாள். தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, நெற்றிச்சுட்டி ஆட, மண்டபத்துக்கே கேட்கும்படி சிரித்தாள்.

“கவலைப்படாதேங்கோ சம்பந்தி” என்று ராமானுஜம் சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். “எங்கிட்ட இன்னும் அஞ்சாறு பூமி இருக்கு.” ஒன்றைத் தட்டில் வைத்தார். இன்னொன்றைச் சம்பந்தியின் கையில் கொடுத்தார்.

மஹதி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த தட்டுக்கு வந்தாள். செவ்வாய். வெள்ளித் தட்டின் நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு. குனிந்து, பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இவ்வளவுதானாப்பா?”

“இவ்வளவுதாண்டி. கணக்கு சரி பார்த்தாச்சு.”

இரண்டு விரலால் செவ்வாயை எடுத்தாள். ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வாயில் போட்டுக்கொண்டாள்.

“ஐயோ, தட்டு காலியாயிடுத்தே! வேற ஏதாவது இருக்கான்னா?” என்றாள் விசாலாக்ஷி.

ராமானுஜத்தின் பொட்டலத்தில் மாற்றுச் செவ்வாய் ஒன்று இருந்தது. அவர் அதைக் கசக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, “இல்லை விசாலம்” என்றார்.